எண்ணத் தெரிந்த பாறை

பாறையின் உச்சியில் நான்கு சிவப்புக் கொடிகள் நட்டிருந்தார்கள். பார்த்த மாத்திரத்தில் கவுஸ் வண்டியை நிறுத்திவிட்டான். சிவப்புக் கொடி என்றால் திரும்பிப் பார்க்காமல் ஓடு என்று அர்த்தம், இது அவனுடைய கொள்கை. அவனுடைய முதலாளி துப்பறியும் வகுளா வேறு ரகம். கொடியைக் கண்டால் அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கிற பெண்மணி.

"வண்டி ஏன் இப்படி இருமுது?" என்றாள் வகுளா, பின் சீட்டிலிருந்து இறங்கிக்கொண்டே.

"தெரியல மேடம். பர்சோன்தான் சர்வீஸ் விட்டேன்."

"முந்தாநாள் சர்வீஸ் பண்ணின வண்டியா இது?"

கவுஸ் ஹெல்மெட்டைத் துடைத்தான். அந்த சர்வீஸுக்குப் பிறகு இரண்டு ரம்ஜான் வந்து போய்விட்டது. ராஜமந்திரியிலிருந்து வந்து ஆறு மாதமே ஆன முதலாளியம்மாவுக்கு அதையெல்லாம் விளக்குகிற நேரமா இது?

வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டே முக்கால். ஸஃபூரா காணாமல் போய் இரண்டு நாள் முழுசாக முடிந்திருந்தது.

முப்பத்து நான்கு வயதுப் பெண். ஹைதராபாத்தில் கட்டடம் எழுப்புகிறவர்களுக்கு நிலத்தைத் துளைத்துப் பார்த்து, அடியில் என்ன கல் இருக்கிறது, எத்தனை மாடி தாங்கும் என்று எழுதிக் கொடுப்பது அவள் தொழில். கல்யாணமாகி நான்கு மாதம். கணவன் ஆதில் லக்னோக்காரன், வேலையும் அங்கேதான். புதன்கிழமை பதினொரு மணிக்கு அவனுக்கு ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தாள். போலீஸ் குறிப்பில் அது இப்படி இருந்தது: 'முந்தாநாள் போன பாறைக்கே மறுபடி போகிறேன். சாயங்காலம் பேசுகிறேன்.' அதோடு சரி. அதற்குப் பிறகு போன் உயிரோடு இல்லை.

புதனுக்கு முந்தாநாள் திங்கள். திங்கட்கிழமை அவள் ஊரின் மறுகோடியில் இருக்கும் ஏரிக்கரைப் பாறையில் வேலை செய்தாள். ஆகவே இரண்டு நாளாக ஏரிக்குள் ஆட்கள் முங்கித் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆதில் கரையிலேயே உட்கார்ந்திருக்கிறான். காலையில் வகுளா அவனைப் பார்க்கப் போனபோது தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினான். ஒவ்வொரு தடவை முங்கினவன் தலை தூக்கும்போதும் அவன் எழுந்து எழுந்து நின்றதாக வகுளா சொன்னாள். அவள் வழக்கமாக இதையெல்லாம் சொல்கிறவள் இல்லை.

"ஏரியில தேடறாங்க, நாம இங்க வந்து என்ன பண்றோம் மேடம்?"

"மூணு வருஷத்துல அவ வேலை பார்த்த இடம் பதினாலு. பதிமூணு பார்த்தாச்சு. இது பதினாலாவது."

பதினாலாவது இடத்தின் பெயர் ராக் வ்யூ டவர்ஸ். பாறையை உடைத்து எழுப்புகிற கட்டடத்துக்குப் பாறையின் பெயரையே வைப்பது இந்த ஊர் வழக்கம், செத்துப்போனவர் பெயரைப் பேரனுக்கு வைக்கிற மாதிரி. இந்த மலைப்பக்கத்தில் ரோடுகள்கூட பாறைக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கித்தான் போகும். உடைக்க முடிந்த இடமெல்லாம் அபார்ட்மெண்ட், உடைக்க முடியாத இடமெல்லாம் பார்க். இங்கே இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒரு பக்கம் பதினெட்டு மாடி வளர்ந்து, மேலே இன்னும் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் டவர். இன்னொரு பக்கம் வேப்பமரமும் சிமெண்ட் பெஞ்சுமாக ஒரு சின்ன பார்க். அதன் நடுவில் மூன்று யானை உயரத்துக்கு அந்தப் பாறை. அதைத் தொட்டில் பாறை என்பார்கள். தோள் கொடுத்துத் தள்ளினால் லேசாக ஆடுமாம்.

அதைத்தான் இன்றைக்கு நாலு மணிக்கு வெடி வைத்து உடைக்கப் போகிறார்கள்.

சைட் இன்ஜினியர் ஹரிகிஷன் சக்ஸேனா வாசலுக்கே வந்து வரவேற்றார். வெள்ளைச் சட்டை, வெள்ளை ஹெல்மெட், வெற்றிலைச் சிவப்பில் சிரிப்பு. கேட்பதற்கு முன்பே இரானி டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் வந்துவிட்டன.

"ஸஃபூரா எனக்குத் தங்கச்சி மாதிரிங்க," என்றார். "நேத்து முழுக்க நானும் போலீஸோட ஏரிக்கரையிலதான் நின்னேன். இன்ஸ்பெக்டர் பாவம், வெளியூர்க்காரர். வழிகூட நான்தான் காட்டினேன்."

"நீங்க இந்த ஊரா?" என்றாள் வகுளா.

"நாலு தலைமுறையா பழைய ஊர். சார்மினார் நிழல்ல பிறந்தவன் நான்."

"அப்ப எங்க ஆளுதான்!" என்று கவுஸ் நெஞ்சைத் தட்டிக்கொண்டான். "எந்தத் தெரு பாய்?"

இரண்டு பேரும் தெருவையும் ஹலீம் கடையையும் பற்றி இரண்டு நிமிஷம் பேசினார்கள். வகுளா பிஸ்கட்டைத் தொடவில்லை. ஜன்னல் வழியாக டவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு மண்ணு பார்த்துக் கொடுத்தது ஸஃபூராதானே?"

"மண்ணா? இங்க ஏதுங்க மண்ணு? பதினஞ்சு அடியில கல்லு. யானை மாதிரி உட்கார்ந்திருக்கு. பர்சோன்தான் அஸ்திவாரம் போட்டோம், அதுக்குள்ள பாருங்க, பதினெட்டு மாடி!"

வகுளாவின் டீ டம்ளர் பாதி வழியில் நின்றது. கவுஸ் அதைக் கவனிக்கவில்லை. அவன் மூன்றாவது பிஸ்கட்டில் இருந்தான்.

"பார்க்ல இருக்கிற பாறையை ஏன் உடைக்கறீங்க?"

"ஆடுதுங்க. நாளைக்குக் குழந்தைங்க விளையாடுற இடம். ஆபத்து." ஹரிகிஷன் மணியைப் பார்த்தார். "மூணரைக்கு முதல் சங்கு ஊதும். அதுக்குள்ள நீங்க கேட்டுக்கு வெளிய போயிடணும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அதுக்கு முன்னாடி பாறையை ஒரு தடவை பார்த்துட்டுப் போறோம்," என்றாள் வகுளா.

வெற்றிலைச் சிரிப்பு ஒரு விநாடி மங்கியது. பிறகு, "தாராளமா," என்றார்.

பாறைக்கருகில் போகப் போக கவுஸின் நாக்கு வேகம் பிடித்தது. பயம் வந்தால் அவனுக்குப் பேச்சு நிற்காது.

"மேடம், நான் ஒத்தப் பிள்ளை. எனக்கு இன்னும் நிக்காஹ் ஆகல. பொண்ணு வீட்டுக்காரங்க நாளைக்கு வர்றாங்க, மாப்பிள்ளை எங்கன்னு கேட்டா அம்மி என்ன சொல்லுவாங்க? பார்க்ல தூளா இருக்கான், வாரிக்கோங்கன்னா?"

பாறையின் உடம்பில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலிருந்தும் மஞ்சளும் சிவப்புமாக வயர் தொங்கியது. அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து வேப்பமரத்தைத் தாண்டி ஒரு சின்னப் பெட்டிக்குப் போயின. உள்ளே வெடிமருந்து அடைத்தாகிவிட்டது. கவுஸ் மூச்சைக்கூட மெல்ல விட்டான்.

பாறைக்கு முன்னால் மஞ்சள், குங்குமம், உடைத்த தேங்காய். கல்லுடைக்கிறவர்கள் எந்தக் கல்லையும் கேட்காமல் தொடமாட்டார்கள். மன்னித்துக்கொள் என்று கும்பிட்டுவிட்டுத்தான் உளியை வைப்பார்கள்.

வகுளா குனிந்தாள்.

"கவுஸ், தேங்காயை எண்ணு."

"நாலு மூடி."

"அப்படின்னா ரெண்டு காய். ரெண்டு மூடியில எறும்பு மொய்ச்சு காஞ்சு கிடக்கு. நேத்து உடைச்சது. இந்த ரெண்டுலயும் ஈரமே காயல. ஒரே கல்லுக்கு எதுக்கு ரெண்டு தடவை பூஜை?"

"முதல் காய் அழுகலா இருந்திருக்கும் மேடம்."

"முகர்ந்து பாரு. நல்ல காய்."

வேப்பமரத்தடியில் ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஐம்பது வயது இருக்கும். கை இரண்டும் கல்லுப் பொடியில் வெளுத்திருந்தன. இடுப்புக் கயிற்றில் ஒரு கைப்பிடிச் சாவி. அதைச் செருகித் திருகினால்தான் வெடிப்பெட்டி வேலை செய்யும். பெயர் எல்லமந்தா, வெடி வைக்கிறவன். வகுளா கேட்டதும் அவன் எழுந்து நின்றான். ஆனால் பாறையின் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

"ரெண்டாவது காய் ஏன் உடைச்சே எல்லமந்தா?"

"ஒண்ணுமில்லம்மா."

"பயந்துட்டியா?"

அவன் காலடியில் கிடந்த சுத்தியலை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான். "எங்கப்பன், பாட்டன் எல்லாம் கல்லுக்காரங்கம்மா. சுத்தியால தட்டினா கல்லு சத்தம் போடும். நல்ல கல்லு மணி மாதிரி, விரிசல் கல்லு ஓட்டைப் பானை மாதிரி. அது எனக்குத் தெரியும். இது..." அவன் குரலைத் தாழ்த்தினான். "காலையில துளை போடறதுக்கு முன்னாடி மூணு தட்டு தட்டினேன். உள்ள இருந்து மூணு தட்டு வந்துச்சு."

கவுஸ் பாறையை விட்டு ஓரடி தள்ளி நின்றான். "எதிரொலிப்பா," என்றான், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி.

"நானும் அப்படித்தான் நினைச்சேன் சார். அஞ்சு தட்டினேன். அஞ்சு வந்துச்சு. கல்லுல இருக்கிற அம்மா கோவத்துல இருக்கான்னு நினைச்சு ஓடிப்போய் இன்னொரு காய் வாங்கிட்டு வந்தேன். இன்ஜினியர் சார்கிட்ட சொன்னா, பைத்தியமா உனக்குன்னு திட்டிட்டு, மருந்தை அடைன்னுட்டாரு."

வகுளா அவன் கையிலிருந்த சுத்தியலை வாங்கினாள். பாறைக்குப் போனாள்.

"மேடம் வேணாம். மேடம், வயர் இருக்கு. மேடம்!" கவுஸ் கத்திக்கொண்டே பின்னால் ஓடினான். ஏன் ஓடினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

வகுளா இரண்டு தட்டுத் தட்டினாள்.

காற்றில் வேப்பிலை சரசரத்தது. டவரில் யாரோ கம்பி அடித்தார்கள். பிறகு ரொம்பக் கீழே, காலுக்கடியிலிருந்து வருகிற மாதிரி, சன்னமாக ஒரு தட்டு. நீண்ட நேரம் கழித்து இன்னொன்று.

கவுஸ் தன் காலுக்கடியில் தரையைக் குனிந்து பார்த்தான்.

"கல் எண்ணுமா கவுஸ்?" வகுளாவின் குரலே மாறியிருந்தது. "எதிரொலி உடனே வரும். இது யோசிச்சு, சிரமப்பட்டுத் தட்டுது. உள்ள ஆள் இருக்கு."

இரண்டு பேரும் பாறையைச் சுற்றி ஓடினார்கள். டவரைப் பார்த்த பக்கத்தில், பாறைக்கும் தரைக்கும் நடுவே ஒரு மேடு குவிந்திருந்தது. மொரம். கல் மக்கி உதிர்ந்து சிவப்புச் சரளையாகிப் போனது. மேட்டின் மேல் ஜேசிபி வாளியின் பல் தடம் அழியாமல் இருந்தது.

"இது எப்ப கொட்டினது?"

"புதன்கிழமை மத்தியானம்மா," என்றான் பின்னாலேயே வந்த எல்லமந்தா. "டிரைவர் சாப்பிடப் போயிருந்தான். இன்ஜினியர் சாரே ஜேசிபி ஓட்டிக் கொட்டினாரு. இங்க அடியில ஒரு பொந்து உண்டு, ஒரு ஆள் தவழ்ந்து போகலாம். நாய் நுழையுதுன்னு அடைச்சேன்னாரு."

அப்போதுதான் முதல் சங்கு ஊதியது. நீளமாக, பார்க் முழுக்க நடுங்குகிற மாதிரி. டவருக்குக் கீழே நின்றவர்கள் கலையத் தொடங்கினார்கள். அரை மணிதான் இருந்தது. அதற்குள் தோண்டி எடுக்காவிட்டால் உள்ளே தட்டிக்கொண்டிருக்கிற அந்தக் கை இந்தக் கல்லோடு சேர்ந்து தூளாகிவிடும்.

"கவுஸ். பர்சோன்னா என்ன?"

"மேடம், இப்ப போயா இதைக் கேக்கறீங்க!"

"சொல்லு!"

"பர்சோன்னா பர்சோன்தான். முன்னாடி ஏதோ ஒரு நாள். நேத்து இல்ல, அவ்வளவுதான் கணக்கு. போன வாரமும் பர்சோன், எங்க தாத்தா நிஜாம் காலத்துல சைக்கிள் வாங்கினதும் பர்சோன்."

"முந்தாநாள் இல்லையா?"

"அது புஸ்தகத்துல மேடம், லக்னோக்காரங்க வாயில. இந்த ஊர்ல எவன் முந்தாநாளுக்குன்னு அந்த வார்த்தையை எடுத்து வச்சிருக்கான்?"

"ஆதில் எனக்கு அந்தச் செய்தியைப் போட்டுக் காட்டினான். அதுல அவ சொன்ன வார்த்தை பர்சோன்."

"யா அல்லா! இதை என்கிட்ட முதல்லயே சொல்லக் கூடாதா? போலீஸ் குறிப்புல முந்தாநாள்னு இருந்துச்சே!" கவுஸ் தலையில் அடித்துக்கொண்டான். "பர்சோன் போன பாறைன்னா எப்பவோ போன பாறை. இந்த டவருக்காக அவ மூணு வருஷம் முன்னாடி வந்த பாறை!"

"இன்ஸ்பெக்டர் வெளியூர். ஆதிலும் வெளியூர். பர்சோன்னா திங்கட்கிழமைதான், ஏரிதான்னு கூட நின்னு வழி காட்டினது யாரு?"

கவுஸ் டவரை நிமிர்ந்து பார்த்தான். நாலு தலைமுறை. சார்மினார் நிழல். பர்சோன்தான் அஸ்திவாரம் போட்டோம் என்று பதினெட்டு மாடியைக் காட்டின மனுஷன். அந்த வாயிலிருந்தா முந்தாநாள் என்ற அர்த்தம் வந்தது? தெரியாமல் சொல்லியிருக்க முடியாது. அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்ததால்தான் சொன்னார்.

"இன்னும் இங்கயா நிக்கறீங்க?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

ஹரிகிஷன் வேப்பமரத்தடியில் நின்றார். சிரிப்பு இல்லை. ஒரு கை வெடிப்பெட்டியின் மேல் இருந்தது.

"உள்ள ஸஃபூரா இருக்கா," என்றாள் வகுளா.

"உள்ள கல்லுதான் இருக்கு. எல்லமந்தா, சாவியைக் கொடு."

"நாலு மணிக்குத்தானே சார்..."

"இப்பவே கொடு!"

அடுத்து நடந்ததைப் பிற்பாடு கவுஸ் எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறான். உண்மையில் அவன் எதையும் யோசிக்கவில்லை. ஓடத்தான் நினைத்தான். கால் எப்படியோ தப்பான திசையில் ஓடிவிட்டது. பாறையின் சரிவில் நாலு காலில் ஏறி, உச்சிக்குப் போய், ஒரு சிவப்புக் கொடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் தொடைக்கடியில் மருந்து அடைத்த துளை. பாறை அவன் கனத்துக்கு மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து, திரும்பி வந்தது. தொட்டில் என்று சும்மா பெயர் வைக்கவில்லை.

"இறங்குடா!" என்று கத்தினார் ஹரிகிஷன்.

"இறங்க முடியல பாய்! நிஜமாவே முடியல! காலு வரல!" அவன் அழுதுகொண்டே சொன்னான். அது நடிப்பு இல்லை. "எல்லமந்தா அண்ணே, பொண்ணு வீட்டுக்காரங்க நாளைக்கு வர்றாங்கண்ணே!"

எல்லமந்தா மேலே பார்த்தான், கீழே மொரம் மேட்டைப் பார்த்தான். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தான். ஹரிகிஷன் கையை நீட்டினார். எல்லமந்தா அதை வீசி எறிந்தான். பார்க் சுவரைத் தாண்டி எங்கேயோ விழுந்தது. பிறகு குனிந்து, பெட்டியிலிருந்து வயர் இரண்டையும் பிடுங்கி, முனைகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டினான். அப்படிக் கட்டிவிட்டால் வெடி வெடிக்காது.

"அஸ்திவாரம் தோண்டும்போதே சொன்னேன் சார்," என்றான். "பெரிய கல்லுன்னு நம்பாதீங்க, இது உருண்டைக் கல்லு, அடியில மொரம்தான்னு. நீ உடைக்கிறவன், படிச்சவன் நான்னு சொன்னீங்க."

ஹரிகிஷன் அங்கேயே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சுற்றிலும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஓடவும் வழியில்லை.

"கல்லுக்குள்ள அஞ்சு மீட்டர் துளைக்கணும், அப்பதான் உருண்டைக் கல்லா, அடிப்பாறையான்னு தெரியும்," என்று யாரிடமோ சொல்கிற மாதிரி முணுமுணுத்தார். "ஒரு மீட்டரோட நிறுத்திட்டு அஞ்சுன்னு எழுதினேன். அவளும் நம்பிக் கையெழுத்துப் போட்டா. நாலு மீட்டர்தாங்க. வெறும் நாலு மீட்டர்."

அதற்குள் வகுளா கையாலேயே மொரத்தை வாரிக்கொண்டிருந்தாள். எல்லமந்தா மண்வெட்டியோடு வந்தான். கவுஸ் எப்படி இறங்கினான் என்று அவனுக்கு நினைவில்லை. அவனும் வாரினான். நகம் பிய்ந்தது, பயமும் போகவில்லை. ஒவ்வொரு கை வாரும்போதும் மேலே இருந்த கல் அசைகிறதோ என்று நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தான். உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

"ஸஃபூரா பாஜி! தட்டுங்க! ஒரே ஒரு தட்டு!"

சத்தமில்லை. கவுஸ் தலையை உள்ளே விட்டான். இருட்டும் வெக்கையும். அவனுக்கு மூச்சடைத்தது. கையை நீட்டித் துழாவினான். விரலில் ஏதோ பட்டது. அது அவன் விரலைப் பிடித்துக்கொண்டது.

வெளியே இழுத்துப் போட்டபோது அவள் தலையிலிருந்து கால்வரை சிவப்பாக இருந்தாள். கண் மட்டும் வெள்ளை. உதடு வெடித்திருந்தது. ஒரு கையில் சின்னச் சுத்தியல், இன்னொரு கையில் ஒரு கட்டி மொரம். வகுளா அவள் வாயில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். இரண்டு மடக்கு இறங்கியதும் ஸஃபூரா கேட்ட முதல் கேள்வி அவளைப் பற்றியது இல்லை.

"டவர் மேல ஆளுங்க இருக்காங்களா?"

"இருக்காங்க."

"இறக்குங்க. இந்தப் பாறை எப்படி நிக்குதோ அப்படித்தான் கிழக்குப் பாதி டவரும் நிக்குது. அடியில இருக்கிறது இதோட கூடப்பிறந்தது." கையிலிருந்த கட்டியை லேசாக அழுத்தினாள். அது பொடியாக உதிர்ந்து வகுளாவின் புடவையில் விழுந்தது. "கையெழுத்துப் போட்டது நான். சரியான்னு பார்க்க வந்தேன்."

எல்லமந்தா டவரைப் பார்த்து ஓடினான். சற்று நேரத்தில் மேலே கம்பி அடிக்கிற சத்தம் ஒவ்வொரு மாடியாக நின்றது. ஆட்கள் வரிசையாக இறங்கி வந்தார்கள். கவுஸ் அந்தப் பதினெட்டு மாடியை அண்ணாந்து பார்த்தான். நிமிர்ந்துதான் நின்றது. ஆனாலும் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

வகுளா போனில் நம்பரைப் போட்டு ஸஃபூராவின் காதில் வைத்தாள். மறுமுனையில் தண்ணீர்ச் சத்தமும் ஆட்கள் பேச்சும். பிறகு ஆதிலின் குரல், பெயரைச் சொல்லக்கூட வராமல்.

"நான்தான்," என்றாள் ஸஃபூரா. "உயிரோடதான் இருக்கேன். நீ எங்க இருக்கே?"

"ஏரிக்கரையில. ரெண்டு நாளா இங்கதான். நீதானே சொன்னே, பர்சோன் போன பாறைன்னு..."

"ஏரிக்கா போனே?" அவளுக்குச் சிரிப்பு வந்தது, வெடித்த உதட்டில் ரத்தம் கசிந்தது. "எங்க ஊர் பாஷையைக் கத்துக்கோன்னு நான் சொல்லல உன்கிட்ட?"

"எப்ப சொன்னே?"

"பர்சோன்," என்றாள் ஸஃபூரா. சொல்லிவிட்டு, இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகையை அப்போதுதான் அழுதாள்.